நிழலற்ற பெயர்ப்புகள்

மழை பெய்து ஓய்ந்த ஒரு தெரு. நள்ளிரவு. விளக்குக் கம்பங்களின் மஞ்சள் ஒளி ஈரமான தார்ச்சாலையில் நீளவாக்கில் கலங்கிக் கிடக்க, நாயகன் தன் பிம்பத்தைத் தானே மிதித்தபடி நடந்து போகிறான். நண்பர் ஒருவரின் விண்டோஸ் கணினியில் நாம் கண்ட காட்சி இது. அதே விளையாட்டின் அதே கட்டத்தை அருகிலிருந்த நம் லினக்ஸ் கணினியில் திறந்தோம். தெரு இருந்தது, விளக்குகள் இருந்தன, மழை பெய்த அடையாளம் மட்டும் இல்லை. சாம்பல் பூத்துக் காய்ந்த ஒரு சாலை. அமைப்புப் பட்டியலுக்குள் போய்த் தேடினோம். பிரதிபலிப்பு என்ற தேர்வு அணைத்து வைக்கப்பட்டிருக்கும், ஏற்றிவிடலாம் என்றெண்ணினோம். அணைக்கப்படவில்லை, அந்த வரியே பட்டியலில் இல்லை. பெயர்த்துத் தந்த நிறுவனத்துக்கு எழுதினோம். ஆட்டம் முழுமையாக இயங்குவதாகவும், குறையென்று ஏதும் தமக்குத் தெரியவில்லை என்றும் இரண்டு வரியில் பதில் வந்தது.

அந்த இரண்டு வரிதான் இக்கட்டுரைக்கு வித்து. இயங்குவதையும் முழுமையையும் ஒன்றெனக் கொள்ளும் மனப்பான்மையோடு நமக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு.

இலக்கியம் பேசும் இடத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றே பொறுக்க வேண்டும். ஓர் இயங்குதளத்துக்கென எழுதப்பட்ட விளையாட்டை இன்னோர் இயங்குதளத்தில் ஓடும்படி மாற்றித் தருவதைத் துறையினர் ‘போர்ட்’ என்பர். நாம் அதைப் பெயர்ப்பு என்றே எழுதுகிறோம். மொழிபெயர்ப்பில் வரும் அதே பெயர்ப்பு. மூலத்தின் ஒரு பத்தி விடுபட்டுப் போனதற்காக மொழிபெயர்ப்பாளரின் சட்டையைப் பிடிக்கும் வழக்கமுடையவர்கள் நம் வாசகர்கள். எழுநூறு பக்க ருஷ்ய நாவலை இருநூறு பக்கமாக நறுக்கி, சுருக்கம் என்று அட்டையில் போடாமல், முழு நூலின் விலைக்கு விற்கும் பதிப்பாளரை என்னவெல்லாம் சொல்லி வைதிருப்போம்! லினக்ஸுக்கு வந்த விளையாட்டுகளில் பலவற்றுக்கு நெடுங்காலம் நேர்ந்தது அதுவே. விற்பனைப் பக்கத்தில் ‘லினக்ஸிலும் கிடைக்கும்’ என்ற முத்திரை இருக்கும். நிழலின் மென்மை போயிருக்கும், புகை தட்டையாகியிருக்கும், நீர் கண்ணாடித்தாளாகியிருக்கும். எது வெட்டப்பட்டது என்று எங்கும் ஒரு குறிப்பு இராது.

இதற்கு முதலில் எழும் மறுப்பு எப்போதும் ஒன்றே. ‘நிழலும் புகையும் பளபளப்பும் வெறும் ஒப்பனை. விளையாட்டு என்பது அதன் விதிகள். சதுரங்கக் காயைத் தந்தத்தில் கடைந்தாலென்ன, மரத்தில் கடைந்தாலென்ன?’ சதுரங்கத்துக்கு இது சரி. 1987இல் வெளிவந்து இன்றும் ஆடப்படும் நெட்ஹேக்குக்கும் சரி; அதன் உலகம் முழுவதும் விசைப்பலகையின் எழுத்துகளாலும் குறிகளாலும் ஆனது, அதை ஆக்கியவர்கள் நிழல் எதையும் எழுதவில்லை. எழுதாததை நாமும் கேட்கவில்லை. எழுதப்பட்டதை ஏன் நீக்கினீர்கள் என்பதே நம் கேள்வி.

2004இல் வந்த டூம் 3ஐ எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க் கோளில் ஓர் ஆய்வுக்கூடம், அதில் பேய்கள். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். அதற்காக அதை நாம் வாதாடிக் காக்கப் போவதில்லை. ஆனால் அதன் ஆக்கத்தில் ஒரு முடிவு உண்டு. கைவிளக்கை ஏந்தினால் துப்பாக்கியை ஏந்த முடியாது. இருட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதா, பார்க்காமலே சுடுவதா என்பதை ஆடுபவர் ஒவ்வொரு முறையும் தேர்ந்தாக வேண்டும். அந்த இருட்டும், ஊசலாடும் விளக்கின்கீழ்ச் சுவரில் நீண்டு குறுகும் நிழலும் இல்லையென்றால் அவ்விளையாட்டில் அச்சம் இல்லை. அச்சம் இல்லையேல் அது தாழ்வாரங்களில் ஓடிச் சுடும் ஒரு பயிற்சி மட்டுமே. இங்கே நிழல்தான் வாக்கியம், துப்பாக்கி நிறுத்தற்குறி.

லினக்ஸுக்கு வெளியிலிருந்தும் ஒரு சான்று. 2001இல் வந்த சைலண்ட் ஹில் 2இல் ஊர் முழுவதும் மூடுபனியில் மூழ்கியிருக்கும். அந்தப் பனிதான் அவ்வூரின் துக்கம். அதைப் புதுப்பித்து 2012இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். புதுப்பித்தவர்களுக்கு இறுதி வடிவ மூலநிரல்கூட முழுமையாகக் கிடைக்கவில்லை. பனி மெலிந்தது, பனிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த வெற்றுப் பரப்புகள் பல்லிளித்தன. எல்லாப் புதிர்களும் இருந்தன, எல்லா விதிகளும் இருந்தன. ரசிகர்கள் ஏன் கொதித்தார்கள் என்பதை ஒப்பனைவாதிகள் இன்றுவரை விளக்கவில்லை.

பெயர்ப்பவர் படும் பாட்டை அறியாமல் நாம் பேசவில்லை. விண்டோஸில் பெரும்பாலான விளையாட்டுகள் டைரக்ட்3டி என்ற வரைகலை மொழியில் எழுதப்படுகின்றன. லினக்ஸில் அது கிடையாது. ஓபன்ஜிஎல் இருந்தது, 2016 பிப்ரவரியிலிருந்து வல்கனும் இருக்கிறது. இரண்டு மொழிகளும் ஒரே உலகத்தைத்தான் சொல்கின்றன என்றாலும் இலக்கணம் வேறு. டைரக்ட்3டியில் படப்பரப்பின் தொடக்கப்புள்ளி இடப்புற மேல்மூலை. ஓபன்ஜிஎல்லில் இடப்புறக் கீழ்மூலை. இதைக் கவனியாமல் பெயர்த்தால் ஏரியில் மலையின் பிம்பம் தலைகீழாக வேண்டிய இடத்தில் நிமிர்ந்து நிற்கும். ஆழத்தை ஒன்று 0 முதல் 1 வரை அளக்கிறது, மற்றொன்று கழித்தல் 1 முதல் கூட்டல் 1 வரை அளக்கிறது. டைரக்ட்3டியின் ஒன்பதாம் பதிப்பில் புள்ளிகளின் மையம் அரைப்புள்ளி தள்ளி நிற்கும். அந்த அரைப்புள்ளியை ஈடுகட்டத் தவறினால், திரை முழுவதும் கண்ணில் பீளை படிந்தாற்போல் மங்கும். இவற்றுக்கெல்லாம் மேல், ஒளி எப்பரப்பில் எவ்விதம் விழ வேண்டும் என்று கணக்கிடும் ஷேடர் என்னும் சிறுநிரல்கள். பெரிய விளையாட்டொன்றில் அவை ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றையும் மறுமொழியில் சொல்லியாக வேண்டும்.

கடினம்தான். கடினமான பத்தியை மொழிபெயர்ப்பவர் என்ன செய்ய வேண்டும்? முட்டி மோதிப் பார்க்கலாம். முடியாவிட்டால், ‘இவ்விடம் எமக்குக் கைகூடவில்லை’ என்று அடிக்குறிப்புப் போடலாம். பத்தியை உருவிவிட்டு, மேலும் கீழுமான வரிகளை ஒட்டித் தைத்து, வாசகனுக்குத் தெரியவா போகிறது என்றிருப்பது மூன்றாவது வழி. அமைப்புப் பட்டியலிலிருந்து அந்த வரியையே எடுத்துவிடுவது இந்த மூன்றாவது வழியைச் சேர்ந்தது. நம் கோபம் அதன்மேல் மட்டுமே.

உழைத்தவர்களை நாம் மறக்கவில்லை. 1998இல் கலிஃபோர்னியாவில் ஸ்காட் டிரேக்கர் தொடங்கிய லோக்கி மென்பொருள் நிறுவனம் 1999இல் சிவிலைசேஷன்: கால் டு பவர் விளையாட்டை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. அடுத்த இரண்டாண்டுகளில் இன்னும் பலவற்றைக் கொண்டுவந்து, 2001 ஆகஸ்டில் திவால் மனு கொடுத்து, 2002 ஜனவரியில் கதவடைத்தது. அதில் பணியாற்றிய சாம் லாண்டிங்காவின் எஸ்டிஎல் நிரலகமும், அங்கு வித்திடப்பட்ட ஓபன்ஏஎல் ஒலி நிரலகமும் அந்நிறுவனம் மறைந்த பின்னும் நிலைத்தன. அங்கிருந்து வந்த ரயன் கார்டன் அதன்பின் தனியொருவராகவே எத்தனையோ விளையாட்டுகளைப் பெயர்த்தார். பின்னாளில் ஃபெரல் இன்டராக்டிவ் நிறுவனம் மேட் மேக்ஸை 2016இல் ஓபன்ஜிஎல்லில் வெளியிட்டதோடு நில்லாமல், 2017இல் வல்கனிலும் மீண்டும் பெயர்த்தது. தாம் முன்பு பெயர்த்ததைத் தாமே திருத்தி மறுபதிப்பிடும் மொழிபெயர்ப்பாளர் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? இவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் இவர்களின் உழைப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் பின்னால் ஒளிவதற்கு நாம் உடன்பட மாட்டோம்.

அந்தக் கேடயத்தின் மேல் எழுதியிருக்கும் வாசகம் ‘நன்றியோடிருங்கள்’ என்பது. ஸ்டீம் அங்காடியின் கணக்கெடுப்புகளில் லினக்ஸ்காரர்கள் பல ஆண்டுகள் நூற்றுக்கு ஒருவரை ஒட்டியே இருந்தார்கள். நூற்றில் ஒருவனுக்குப் பந்தியில் இடம் கிடைத்ததே பெரிது, பாயசத்தில் முந்திரி இல்லை என்று முணுமுணுக்கலாமா என்கிறார்கள். முணுமுணுப்போம். நாம் பந்திக்கு அழையாமல் வந்தவர்கள் அல்லர். முழு விலை கொடுத்தவர்கள்.

2014 மே மாதம் விட்சர் 2 லினக்ஸுக்கு வந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். மூலநிரலை முறையாக மாற்றி எழுதாமல், விண்டோஸ் அழைப்புகளை ஓடும்போதே மாற்றித் தரும் ஓர் உறையில் சுற்றி வெளியிட்டார்கள். முதல் நாட்களில் அது தவழ்ந்தது. நல்ல கணினி வைத்திருந்தவர்களும் நிழல்களையும் ஒளிப்பூச்சுகளையும் ஒவ்வொன்றாக அணைத்து ஆட நேர்ந்தது. பெரும் கூச்சல் எழுந்தது. கூச்சலில் சிலர் வரம்பு மீறி ஏசவும் செய்தார்கள், அதை நாம் நியாயப்படுத்தவில்லை. பிறகு திருத்தங்கள் வந்தன, ஆட்டம் தேறியது. அதே ஆண்டில் ஸ்டீமில் அறிவிப்புப் பட்டையோடு எதிர்பார்க்கப்பட்ட விட்சர் 3இன் லினக்ஸ் பதிப்பு மட்டும் கடைசிவரை வரவேயில்லை. முந்தைய கூச்சலே அதற்குக் காரணம் என்று இன்றும் சொல்வார் உண்டு. அப்படியே வைத்துக்கொள்வோம். அரைகுறையை ஏற்று வாயை மூடியிருந்தால் இன்னோர் அரைகுறை கிடைத்திருக்கும் என்பதா வாதம்? கூச்சலுக்குப் பின்தானே விட்சர் 2 தேறியது என்பதை இவர்கள் ஏன் சொல்வதில்லை?

லினக்ஸின் கூரைக்கு இவ்வளவுதான் உயரம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2012 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் தன் லெஃப்ட் 4 டெட் 2 விளையாட்டை லினக்ஸில் ஓட்டிப் பார்த்த அனுபவத்தை வெளியிட்டது. முதலில் விநாடிக்கு 6 சட்டகங்கள். தம் நிரலையும் வரைகலை இயக்கிகளையும் துருவித் திருத்திய பின் 315. அதே கணினியில் விண்டோஸும் டைரக்ட்3டியும் சேர்ந்து தந்தது 270.6. கூரை உயர்ந்துதான் இருந்தது. ஏணி வைக்க ஆளில்லை.

இனிச் சொல்லப்போவது நம் ஆத்திரத்தின் உண்மையான இலக்கு. எல்லாப் பழியையும் பெயர்த்தவர் தலையில் போடுவது அநீதி. சில இடங்களில் ஒளியே பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

பரப்புகளின் மேல் போர்த்தும் படங்களை டெக்ஸ்சர் என்பர். அவற்றைச் சுருக்கி வைக்கும் எஸ்3டிசி என்ற முறையைத்தான் ஏறத்தாழ எல்லாப் பெரிய விளையாட்டுகளும் கைக்கொண்டன. அதன்மேல் பேட்டன்ட் இருந்தது. ஆகவே லினக்ஸின் கட்டற்ற வரைகலை நிரலகமான மேசா அதை உள்ளடக்க இயலவில்லை. தனியே ஒரு நிரலகத்தைத் தேடி நிறுவினாலன்றிச் சில விளையாட்டுகள் திறக்கவே மறுத்தன. 2017 அக்டோபரில் பேட்டன்ட் காலாவதியான பின்பே அந்தப் பூட்டு உடைந்தது. இன்னொன்று இதைவிட வேடிக்கை. சூரியனை நேரே பார்க்கையில் கண் கூசுவதையும், குகையிலிருந்து வெளிவருகையில் உலகம் ஒரு கணம் வெளுத்துப் போவதையும் காட்ட, ஒளியின் அளவை 0 முதல் 255 வரையிலான முழு எண்ணாக அன்றிப் பின்ன எண்ணாகச் சேமிக்க வேண்டும். பின்ன எண்ணில் டெக்ஸ்சர் வைப்பதற்கும் பேட்டன்ட்! அதற்கான நிரல் 2011இலேயே மேசாவில் எழுதிச் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தொகுக்கும்போது வேண்டுவோர் தாமே இயக்கிக்கொள்ள வேண்டும். 2018இல் அந்தக் காலக்கெடுவும் முடிந்தது. ஏழாண்டுகள் வீட்டில் விளக்கு இருந்தது, திரி இருந்தது, எண்ணெய் இருந்தது. ஏற்றினால் வழக்கு வரும்.

மூடிய இயக்கிகளை விற்கும் வரைகலை அட்டை நிறுவனங்களுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. உரிமம் பெறும் வசதி அவர்களுக்கு உண்டு. ஆக, கட்டற்ற மென்பொருள் மட்டுமே என்று நெறி பிடித்து நின்றவர்களுக்குத்தான் குறைந்த ஒளி வாய்த்தது. வெட்டுப்பட்ட பெயர்ப்பைக் காணும்போதெல்லாம் பெயர்த்தவரின் சோம்பலை மட்டும் ஏசிவந்த நாம், இந்தப் பக்கத்தைத் தாமதமாகவே அறிந்தோம்.

தாமதமாக அறிந்தது இன்னொன்றும் உண்டு, அதை ஒப்புக்கொள்ளாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. நெடுங்காலம் நாம் ‘நேரடிப் பெயர்ப்பு’ கட்சி. லினக்ஸுக்கென்றே மாற்றித் தொகுக்கப்பட்டதே உண்மையான பெயர்ப்பு, விண்டோஸ் நிரலை அப்படியே வைத்துக்கொண்டு வைன் போன்ற இடைநிலை நிரலால் ஓட்டுவது இரவல் சட்டை என்று ஏளனமாகப் பேசியிருக்கிறோம். 2018இன் தொடக்கத்தில் பிலிப் ரெபோல் என்ற நிரலாளர் டிஎக்ஸ்விகே என்ற நிரலகத்தை வெளியிட்டார். டைரக்ட்3டியில் சொல்லப்படுவதை அந்தந்தக் கணமே வல்கனில் திருப்பிச் சொல்லும் துபாஷி அது. நீர்: ஆட்டோமேட்டா என்ற ஒரே விளையாட்டைத் தம் லினக்ஸ் கணினியில் ஆட விரும்பியதுதான் தொடக்கம். அதே ஆண்டு ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் புரோட்டானை அறிமுகப்படுத்தியபோது அதன் உள்ளே டிஎக்ஸ்விகே இருந்தது. விட்சர் 3 போன்றவற்றில் சில உருவங்கள் சரிவர வரையப்படாமல் போவதைக் கண்டு, அதற்குத் தேவையான ஒரு வசதி வல்கனிலேயே அந்த அக்டோபரில் சேர்க்கப்பட்டது. பெயர்ப்புக்கு இடமளிப்பதற்காக இலக்கு மொழியின் இலக்கணத்தையே திருத்தினார்கள் என்பதை மொழிபெயர்ப்பில் அக்கறையுள்ளவர்கள் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும்.

விளைவு என்ன? ‘லினக்ஸிலும் கிடைக்கும்’ என்ற முத்திரையோடு நிழலிழந்து வந்த சில விளையாட்டுகளின் விண்டோஸ் பதிப்பை இன்று புரோட்டானில் ஓட்டினால் நிழலும் நீரும் மூடுபனியும் திரும்பி வருகின்றன. நாம் இரவல் சட்டை என்றது மூலத்துக்கு மேலும் விசுவாசமாக இருந்தது. சொந்தச் சட்டை என்று மார்தட்டியதற்குக் கை இல்லை. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த ஈரத் தெருவையும் இவ்வழியில்தான் நம் கணினியில் ஒருவாறு கண்டோம். நேரடிப் பெயர்ப்பு அல்லாததைத் தீண்டேன் என்று இன்னும் நிற்கும் நண்பர்கள் எதைக் காக்கிறார்கள்? படைப்பையா, முத்திரையையா?

அவர்களிடம் நியாயமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. துபாஷி எவ்வளவு தேர்ந்தவனாயினும் மூலமொழி டைரக்ட்3டியாகவே நீடிக்கிறது. 2022இல் புரோட்டானை நம்பியே ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி வந்து பரவியபின், லினக்ஸுக்கெனத் தனியே எழுத வேண்டிய அவசியம் ஆக்குநர்களுக்கு மேலும் குறைந்தது. மொழிபெயர்ப்புகளால் மட்டுமே நிறையும் ஒரு மொழிக்கு என்ன ஆகும் என்ற அச்சம் நமக்குப் புதிதன்று. அந்த அச்சத்தை மதிக்கிறோம். ஆனால் அதற்கு மருந்து கை வெட்டிய சட்டை அன்று.

டூம் 3இன் நிழலுக்குத் திரும்புவோம். ஒரு பொருளின் பின்னால் இருள் ஒரு கூடாரம்போல் நீள்வதாகக் கொண்டு, கண்ணிலிருந்து ஒரு பரப்பை அடைவதற்குள் அத்தகைய கூடாரங்களுக்குள் எத்தனைமுறை புகுந்தோம், எத்தனைமுறை வெளிவந்தோம் என்று எண்ணுவது அவ்விளையாட்டின் நிழற்கணக்கு. பார்ப்பவனே இருளுக்குள் நின்றால் எண்ணிக்கை பிசகும். ஆகவே பரப்புக்கு முன்னால் எண்ணாமல் பின்னாலிருந்து எண்ணும் உத்தியை ஜான் கார்மாக் கண்டடைந்தார். ஆனால் ஒலியட்டை விற்கும் கிரியேட்டிவ் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் 1999இலேயே அதே உத்தியைக் கண்டிருந்தார்கள். நிறுவனத்திடம் பேட்டன்ட் இருந்தது. 2004இல், அவர்களுடைய ஒலித் தொழில்நுட்பத்தை விளையாட்டில் சேர்த்துக்கொள்வதாக உடன்பட்டே அந்த நிழலை விற்பனைக்குக் கொண்டுவர முடிந்தது. 2011 நவம்பரில் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டபோது வழக்கறிஞர்கள் தயங்கினார்கள். கார்மாக் உட்கார்ந்து அந்தச் சில வரிகளை வேறுவிதமாக எழுதி, தம் பெயரால் வழங்கிய உத்தியைத் தம் நிரலிலிருந்தே எடுத்த பின்புதான் அது வெளியாயிற்று.

பேட்டன்ட் 2019இல் காலாவதியாயிற்று. திறந்த நிரலிலிருந்து லினக்ஸிலும் பிற தளங்களிலும் டூம் 3ஐ உயிரோடு வைத்திருக்கும் ட்யூம்3 திட்டத்தினர் 2021இல் வெளியிட்ட பதிப்பில், எடுக்கப்பட்ட அந்த உத்தியைத் திரும்ப எழுதிச் சேர்த்தார்கள். அமைப்பில் அதற்கென்று ஒரு வரியும் வைத்தார்கள். வேண்டுவோர் ஏற்றலாம், வேண்டாதோர் அணைக்கலாம்.